ஓவியர் நின்ற இடத்தில் நாமும் நின்று: மூன்று நகரங்கள், ஏழு நாள்

முதல் நாள், வியன்னா

"இதுக்காகவா மாப்ளே இவ்வளவு தூரம்?" என்றார் மச்சான். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அவர் சிவில் இன்ஜினியர். பாலம் என்றால் கண் விரியும், படம் என்றால் கொட்டாவி வரும்.

ஓவியர் பெயர் பெர்னார்தோ பெல்லோட்டோ. வெனிஸ்காரர். புகழ்பெற்ற ஓவியரான தாய்மாமன் கனலெட்டோவின் பெயரையே தானும் போட்டுக்கொண்டு பிழைத்தவர். டிரெஸ்டன், வியன்னா, வார்சா என்று அரசர்கள் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய் அந்தந்த ஊரை அப்படியே படமாக வரைந்தார். இருட்டுப் பெட்டி ஒன்றில் சின்னத் துளை வழியே விழும் பிம்பத்தை வைத்துக் கோடு போட்டவர் என்பதால் அவர் படங்களைப் புகைப்படத்துக்குச் சமமாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் என்னென்ன நடந்தது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். அவர் வரைந்த மூன்று ஊர்களுக்கும் போய், அவர் நின்ற இடத்தில் நின்று பார்ப்பது என்று திட்டம்.

எங்கள் முன்னால் இருந்தது, மேல் பெல்வெடேர் அரண்மனையிலிருந்து தெரியும் வியன்னா. 1760 வாக்கில் வரைந்தது. கீழே தோட்டம், இடப்பக்கம் கார்ல் தேவாலயத்தின் குவிமாடம், வலப்பக்கம் சலேசிய கன்னிமடத்தின் குவிமாடம், நடுவில் தூரத்தில் ஊசி மாதிரி ஸ்டீஃபன் பேராலயம். நிதானமான படம். சண்டைக்குக் காரணமாகும் படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மதியம் பெல்வெடேருக்கே போனோம். மேல்மாடி ஜன்னலோரம் கூட்டம். எல்லோரும் அதே கோணத்தில் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். இந்தக் காட்சிக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயரே 'கனலெட்டோ பார்வை'. ஓவியத்தில் தோட்டத்தை இரண்டு கையாலும் அணைத்ததுபோல நிற்கிற குவிமாடங்கள் நேரில் இன்னும் விலகி நிற்பதாக எனக்குப் பட்டது. பேராலயத்துக்கு வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. 1964-இல் திறந்த ஓட்டல். பக்கத்திலேயே பனிச்சறுக்குத் திடல். ஹாய்மார்க்ட் என்கிற இடம்.

அங்கேதான் 66 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் கட்டத் திட்டம் போட்டார்கள். அந்த இடத்தில் 43 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றது யுனெஸ்கோ. பழைய நகரம் 2001-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இந்தக் கோபுரத்தால் 2017-இல் 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலுக்குப் போனது. 23 மீட்டர் வித்தியாசத்துக்கு ஒரு தலைநகரமே வருடக்கணக்கில் அடித்துக்கொண்டது.

"ஸ்டீஃபன் கோபுரமே 136 மீட்டர் இருக்கு. 66 என்ன பெருசு?" என்றார் மச்சான். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் 66 மீட்டர் எங்கே முளைக்கும் என்று விரலை நீட்டிக் காட்டினேன். பேசாமல் இருந்தார். ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை, கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

இரவில் விடுதியில் படுத்தபோது வேறொன்று உறுத்தியது. பெல்லோட்டோ இந்தப் படத்தை வரைந்தபோது ஊரைச் சுற்றி மதில் இருந்தது. 1683-இல் உதுமானியப் படை முற்றுகையிட்டும் விழாத மதில். அதை இடிக்கச் சொல்லி 1857-இல் பேரரசர் ஃப்ரான்ஸ் யோசேஃப் ஆணையிட்டார். இடித்த இடத்தில் ரிங் சாலை, ஆப்பரா, நாடாளுமன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் வந்தன. இன்று அந்த ரிங் சாலையும் பாதுகாக்கவேண்டிய பட்டியலில்தான் இருக்கிறது. அப்போது யுனெஸ்கோ இருந்திருந்தால் பேரரசருக்குக் கடிதம் போயிருக்கும்.

அப்படியானால் நாம் காப்பாற்றுவது எந்த வருஷத்து வியன்னாவை?

இரண்டாம் நாள், வியன்னா

காலையில் மிஹாயெலர் சதுக்கம். ஒருபக்கம் அரண்மனையின் குவிமாட வாசல், எதிரே லோஸ் ஹவுஸ். அடோல்ஃப் லோஸ் 1910-இல் கட்ட ஆரம்பித்தபோது, அலங்காரமே இல்லாமல் மேல்மாடிகளை வெறும் பூச்சோடு விட்டதைப் பார்த்து ஊரே கொதித்தது. 'புருவம் இல்லாத வீடு' என்று கிண்டல் செய்தார்கள். ஜன்னலுக்கு மேலே வளைவு இல்லை, அதுதான் புருவம். வேலையை நிறுத்தி வைத்தது நகராட்சி. கடைசியில் சில ஜன்னல்களில் வெண்கலப் பூத்தொட்டி வைக்கலாம் என்று சமாதானமானார்கள்.

தொட்டிகள் இன்னும் இருக்கின்றன. எதிர்ச் சாரியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைச் சுவரில், வரிசை இல்லாமல், இங்கொன்றும் அங்கொன்றுமாக. கீழ்த்தளத்தில் பச்சை நரம்பு ஓடும் பளிங்குத் தூண்கள். தடவிப் பார்த்தால் கை ஜில்லிட்டது. இவ்வளவு விலையுயர்ந்த கல்லைப் போட்டவரைத்தான் 'அலங்காரம் இல்லாதவர்' என்று திட்டியிருக்கிறார்கள். இப்போது யாராவது அந்தப் பூத்தொட்டியைக் கழற்றப் போனால் பாரம்பரியத் துறை ஓடிவரும். ஒரு காலத்துச் சமரசம் இன்னொரு காலத்துப் பொக்கிஷம்.

பிறகு ஸ்டீஃபன் பேராலயம். அதற்கு நேரெதிரே ஹான்ஸ் ஹோலைன் வடிவமைத்த ஹாஸ் ஹவுஸ், 1990-இல் முடிந்தது. கண்ணாடி வளைவில் பேராலயம் துண்டு துண்டாகத் தெரிகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. கண்ணாடி போட்டால் பழையதை மதித்ததாக ஆகிவிடும் என்கிற சமாதானம் உலகம் முழுக்க நடக்கிறது. பிரதிபலிப்பு மரியாதை ஆகாது. மச்சானுக்குப் பிடித்திருந்தது. வளைவைத் தாங்கும் சட்டத்தை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பத்து நிமிடம் பார்த்தார்.

கோபுரங்களைப் பற்றி இவ்வளவு சத்தம், ஆனால் ஊரின் உடம்பு கோபுரத்தில் இல்லை. ரிங் சாலைக்கு வெளியே தெருத் தெருவாக நிற்கும் 19-ஆம் நூற்றாண்டு அடுக்குமாடி வீடுகள்தான் வியன்னா. தனித்தனியே பார்த்தால் எதுவும் நினைவுச்சின்னம் இல்லை. அதனால்தான் ஆபத்து. ஒவ்வொன்றாக இடித்து ஃப்ளாட் கட்டினார்கள். 2018-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1945-க்கு முன் கட்டிய எந்த வீடாக இருந்தாலும், காக்கவேண்டியதில்லை என்று நகராட்சியின் ஒப்புதல் வாங்கிய பிறகே இடிக்க முடியும். பாதுகாப்புப் பகுதியில் இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அவசர அவசரமாக இடித்தவர்கள் உண்டு. எந்தச் சட்டத்துக்கும் முந்தின வாரம் என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்.

என்னைக் கேட்டால், 66 மீட்டர் கோபுரத்தைவிட இந்தத் திருத்தம்தான் பெரிய செய்தி. ஆனால் இதற்கு நல்ல புகைப்படம் கிடையாது.

மூன்றாம் நாள், ரயிலில்

பிராக் வழியாக டிரெஸ்டன். நாள் முழுக்க உட்கார்ந்தே போனது. மச்சான் தூங்கினார். நான் வியன்னாவில் 2005-இல் எழுதிய குறிப்பாணையைப் படித்துக்கொண்டு வந்தேன். அதற்கும் ஒரு கோபுரச் சண்டைதான் காரணம். வியன்னா மிட்டெ ஸ்டேஷன் மேல் 97 மீட்டரில் கோபுரங்கள் கட்டத் திட்டமிட்டு, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். அந்தக் காயத்தில் பிறந்த ஆவணம், பழைய நகரத்தில் புதிய கட்டடத்தை எப்படிச் சேர்ப்பது என்று பேசியது. அது வளர்ந்து 2011-இல் யுனெஸ்கோவின் 'வரலாற்று நகர நிலவெளி' பரிந்துரை ஆனது. சாரம் சுலபம்: கட்டடத்தை மட்டும் பார்க்காதே, அதைச் சுற்றிய நிலம், ஆறு, தொழில், குடியிருப்பவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார். அருமையான சொற்கள். எழுதிய ஊரே பன்னிரண்டு வருஷத்தில் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது.

பிராக்கில் இறங்க நேரமில்லை. எல்லைக்கு முன்னாலேயே எல்ப ஆறு ரயிலோடு கூடவே வர ஆரம்பித்தது.

நான்காம் நாள், டிரெஸ்டன்

இங்கே முதலில் படத்தைப் பார்க்கப் போனது நல்லதாயிற்று. ட்ஸ்விங்கர் அரண்மனை ஓவியக் கூடத்தில் இருக்கிறது, 1748-இல் பெல்லோட்டோ எல்ப ஆற்றின் வலக்கரையிலிருந்து வரைந்த டிரெஸ்டன். ஆறு, பாலம், ஃப்ராவன் தேவாலயத்தின் மணிபோன்ற குவிமாடம், வலப்பக்கம் அரசவைத் தேவாலயம். ஊரின் அடையாளப் படம் என்றால் இதுதான்.

கிட்டே போய்ப் பார்த்தேன். அரசவைத் தேவாலயத்தின் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறது! மெல்லிய பழுப்புக் கோடுகளாகக் கட்டைகள், குறுக்கும் நெடுக்குமாக. 1748-இல் அந்தத் தேவாலயம் இன்னும் கட்டி முடியவில்லை. ஊர் மொத்தமும் 'இப்படித்தான் இருக்கவேண்டும்' என்று இருநூற்றைம்பது வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் படத்தில், நடுவே ஒரு கட்டுமான வேலை நடக்கிறது. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் முறையாக ஓர் ஓவியத்தின் முன்னால் மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி நின்றார். காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார்.

மதியம் நொய்மார்க்ட் சதுக்கம். 1945 பிப்ரவரி 13, 14 குண்டுவீச்சில் ஊரின் நடுப்பகுதி எரிந்தது. ஃப்ராவன் தேவாலயம் இரண்டு நாள் தாங்கி, 15-ஆம் தேதி காலையில் சரிந்தது. கிழக்கு ஜெர்மனி காலம் முழுக்க அது கற்குவியலாகவே கிடந்தது, போர் நினைவாக. ஜெர்மனி ஒன்றான பிறகு திரும்பக் கட்டி, 2005 அக்டோபர் 30-இல் திறந்தார்கள். இடிபாட்டிலிருந்து எடுத்த கற்களை முடிந்தவரை பழைய இடத்திலேயே பொருத்தியிருக்கிறார்கள். பழைய மணற்கல் கறுப்பு, புதியது வெளிர்மஞ்சள். சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி. எனக்கு இதுதான் நேர்மையாகப் பட்டது. எது போனது, எது மிஞ்சியது என்று கட்டடமே சொல்கிறது. மணற்கல் நாளாக நாளாகக் கறுத்துவிடும், அப்போது இந்த வித்தியாசம் மறையும்.

சதுக்கத்தைச் சுற்றி இருக்கும் வீடுகள் விஷயம் வேறு. பரோக் பாணி முகப்பு, அதன் பின்னால் இன்றைய கான்கிரீட் தளங்கள், லிஃப்ட். சதுக்கத்துக்கு அடியில் பார்க்கிங். சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஆவணங்களின்படி நுணுக்கமாகத் திரும்பக் கட்டினார்கள். மீதி அவற்றுக்கு ஒத்துப்போகிற புதுக் கட்டடங்கள். நாடகத் திரை என்று திட்டுபவர்களும் உண்டு, ஊரின் முகம் திரும்பக் கிடைத்தது என்று அழுதவர்களும் உண்டு. நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது, கல் சத்தம் வரவில்லை.

நான் எதிர்பார்க்காதது, சதுக்கத்து ஓரத்தில் நின்ற பண்பாட்டு மாளிகை. 1969-இல் கட்டிய தட்டையான கண்ணாடிக் கட்டடம். பக்கவாட்டில் செங்கொடி ஓவியம் அப்படியே இருக்கிறது. பரோக் கனவுக்கு நடுவே இது கண்ணை உறுத்துகிறது, இடித்துவிடலாம் என்ற பேச்சு இருந்தது. இடிக்காமல் பாரம்பரியச் சின்னமாக்கி, உள்ளே குடைந்து புதிய இசை அரங்கம் அமைத்து 2017-இல் திறந்தார்கள். வெளியே 1969, உள்ளே 2017. பின்னாலேயே 18-ஆம் நூற்றாண்டு வேஷத்தில் 21-ஆம் நூற்றாண்டு வீடுகள். எந்த வருஷம் என்ற என் கேள்விக்கு இந்த ஊர் ஒரே பதில் சொல்ல மறுக்கிறது.

ஐந்தாம் நாள், டிரெஸ்டன்

இது மச்சானின் நாள். பாலம்.

எல்ப பள்ளத்தாக்கு 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் நடுவில், புல்வெளி அகன்று கிடக்கும் இடத்தில், வால்ட்ஷ்லோஸ்ஹென் என்ற நான்கு வழிப் பாலம் கட்ட 2005-இல் பொது வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலாகவே மக்கள் பாலம் வேண்டும் என்றார்கள். பாலத்துக்குப் பதிலாகச் சுரங்கப்பாதை தோண்டச் சொன்னது யுனெஸ்கோ. நீதிமன்றம், மறுபடி நீதிமன்றம், அப்புறம் பாலம். 2009-இல் டிரெஸ்டனைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதற்கு முன் நீக்கியது ஓமானில் ஒரு மான் சரணாலயம் மட்டும்தான். ஒரு நகரத்து நிலம் நீக்கப்பட்டது அதுவே முதல் முறை. 2021-இல் லிவர்பூலும் போனது.

நடுவில் ஒரு வௌவால் வேறு வந்தது. சின்ன லாட மூக்கு வௌவால், கட்டைவிரல் அளவு. அதன் பறக்கும் வழி கெடும் என்று 2007-இல் நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. 2013-இல் பாலம் திறந்தபோது, வௌவால் பறக்கும் மாதங்களில் இரவில் 30 கிலோமீட்டர் வேகம்தான் என்று விதி போட்டார்கள். யுனெஸ்கோவால் முடியாததை வௌவால் சாதித்தது என்று மச்சானுக்கு ஒரே சந்தோஷம்.

பாலத்தின் மேல் நடந்தோம். உண்மையைச் சொன்னால், நான் வெறுக்கத் தயாராகப் போனேன். மோசமான பாலம் இல்லை. தாழ்வான எஃகு வளைவு, கீழே புல்வெளியில் ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். ஆனால் கிழக்கே இருந்து ஊரைப் பார்த்தால், குவிமாடங்களுக்கு முன்னால் ஒரு கோடு கிழித்தது மாதிரிதான் இருக்கிறது.

"ஜனங்க ஓட்டுப் போட்டாங்க மாப்ளே. அப்புறம் வெளியூர்க்காரன் என்ன சொல்றது?"

"அதே ஜனங்கதானே பட்டியல்ல சேரணும்னு விண்ணப்பம் கொடுத்தாங்க?"

"பட்டியல்ல சேர்றப்போ பாலத் திட்டத்தை எல்லாருக்கும் விளக்கமாச் சொல்லியிருந்தா இவ்வளவு வந்திருக்காது." இந்த ஒரு வரியில் அவர் ஜெயித்தார் என்று எழுதி வைக்கிறேன். எங்கே பாலம் வரும், எது மாறாது என்பதை விண்ணப்பத்துக்கு முன்னாலேயே ஊர் கூடி முடிவுசெய்திருக்கவேண்டும். சண்டை வந்த பிறகு நடத்தும் வாக்கெடுப்பில் கட்சி எடுக்கத்தான் முடியும்.

திரும்பும் வழியில், ஊருக்குள் கரோலா பாலம் இருந்த இடத்தைப் பார்த்தோம். 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் அதன் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. சில நிமிடங்களுக்கு முன்தான் கடைசி டிராம் போயிருந்தது, யாருக்கும் அடிபடவில்லை. உள்ளே இழுவிசைக் கம்பிகள் அரித்துப்போயிருந்தன. மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். மச்சான் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "இதையும் யாராவது வருஷா வருஷம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கணும்" என்றார். புதுப் பாலம் எப்படி இருக்கவேண்டும் என்று இப்போது ஊரில் அடுத்த விவாதம்.

ஆறாம் நாள், வார்சா

பெர்லினில் வண்டி மாறி, மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தோம். மாறும்போது மச்சானின் குடை போய்விட்டது.

அரச கோட்டையில் கனலெட்டோ அறை. நான்கு பக்கமும் பெல்லோட்டோ, 22 படங்கள். போலந்து மன்னர் ஸ்தனிஸ்லாவ் அவுகுஸ்த் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். ஓவியர் 1780-இல் இந்த ஊரிலேயே இறந்தார். தெருவில் நாய், குப்பை, ஒரு சுவரில் காரை பெயர்ந்த இடம், எல்லாம் வரைந்திருக்கிறார்.

இந்த அறை இருக்கும் கோட்டையையே 1944-இல் ஜெர்மன் படை வெடி வைத்துத் தகர்த்தது. ஆற்றின் இடக்கரையில் ஊரின் பெரும்பகுதி தரைமட்டம். போருக்குப் பிறகு பழைய நகரத்தைத் திரும்பக் கட்ட முடிவானபோது, பொறியியல் கல்லூரி மாணவர்கள் முன்பே அளந்து வரைந்திருந்த வரைபடங்கள் உதவின. போர்க்காலத்தில் அவற்றைப் பதுக்கிக் காப்பாற்றியிருந்தார்கள். வரைபடம் போதாத இடத்தில் பெல்லோட்டோ. இருநூறு வருஷத்துக்கு முன் வரைந்த படத்தைப் பார்த்து மேஸ்திரி சுவர் எழுப்பியிருக்கிறார்! கோட்டையைக் கடைசியாகத்தான் கட்டினார்கள், 1971-இல் ஆரம்பித்து 1984-இல் திறந்தார்கள். பெரும்பாலும் மக்கள் கொடுத்த நன்கொடை.

வெளியே வந்து கிராகோவ் புறநகர்த் தெருவில் நடந்தால், அவர் நின்று வரைந்த இடங்களிலேயே படங்களின் பிரதிகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றின் பக்கத்தில் நின்று படத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தேன். அச்சு அசல். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. தெரு படம் மாதிரி இருப்பதற்குக் காரணம், படம் தெரு மாதிரி இருந்ததல்ல. தெருவைப் படத்தைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். பெல்லோட்டோ சில கட்டடங்களைக் கைவந்த வாக்கில் கொஞ்சம் அழகாக்கி வரைந்தவர். அந்த அழகும் சேர்ந்து செங்கல்லாகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் ஏறிய மாடிகளும் முகப்புகளும் பல இடங்களில் திரும்பி வரவே இல்லை. போரில் அழிந்தது 1939-இன் ஊர், கட்டியது பெல்லோட்டோ காலத்து ஊர்.

ஆனால் இங்கே எனக்குக் கோபம் வரவில்லை. டிரெஸ்டன் சுவரைத் தட்டிப் பார்த்தவன் இங்கே தட்டத் தோன்றாமல் நின்றேன். ஏன் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

ஏழாம் நாள், வார்சா

பழைய நகரச் சந்தைச் சதுக்கத்தை 1953 ஜூலை 22-இல் திறந்தார்கள். முகப்புகளில் அந்தக் காலத்துக் கலைஞர்கள் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி வரைந்த கோலங்கள் இருக்கின்றன. அவை நகல் இல்லை, 1953-இன் கைவேலை. வீடுகளின் பின்பக்கம் போனால் இன்னும் சுவாரசியம். பழைய ஊரில் முற்றங்களுக்குள் நெருக்கி நெருக்கிக் கட்டியிருந்தவற்றைத் திரும்பக் கட்டாமல் விட்டுவிட்டார்கள். அதனால் வெளிச்சம், மரம், குழந்தைகள் விளையாட இடம். ஓர் ஜன்னலில் துணி காய்ந்தது. முன்பக்கம் ஓவியம், பின்பக்கம் குடியிருப்பு. ஆட்கள் குடியிருக்கத்தான் கட்டியிருக்கிறார்கள். நேற்று கோபம் வராததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

1980-இல் யுனெஸ்கோ இதை, அதாவது முப்பது வயதுகூட நிரம்பாத பழைய நகரத்தை, பட்டியலில் சேர்த்தது. திரும்பக் கட்டிய செயலையே பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கே நிறுத்துவது என்பது இங்கேயும் தீரவில்லை. 1944 டிசம்பரில் தகர்த்த சாக்சன் அரண்மனையின் மூன்றே வளைவுகள் மிஞ்சி, அவற்றுக்கு அடியில் பெயர் தெரியாத வீரரின் கல்லறை இருக்கிறது. அரண்மனையைத் திரும்பக் கட்ட 2021-இல் சட்டம் போட்டார்கள். அந்த உடைந்த வளைவுகள் சொல்வதை முழு அரண்மனை சொல்லாது என்பது என் கட்சி. இன்னொரு பக்கம், ஸ்டாலின் பரிசாக 1955-இல் எழுந்த 237 மீட்டர் பண்பாட்டு மாளிகை. பலரும் வெறுத்த கட்டடம், 2007 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னம். சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். உயரமானது 310 மீட்டர். மச்சான் கழுத்து வலிக்கப் பார்த்தார்.

கடைசியாக, மச்சான் கேட்டதற்காகக் கோட்டைச் சதுக்கத்து ஓரம் ஒரு வீட்டுக்குள் போனோம். வெளியே பார்த்தால் சாதாரணப் பழைய வீடு. உள்ளே எஸ்கலேட்டர்! 1949-இல் வைத்தது, போலந்திலேயே முதல் எஸ்கலேட்டர். கிழக்கு மேற்காகப் போகும் பெரிய சாலையைப் பழைய நகரத்துக்கு நடுவே கிழிக்காமல், சதுக்கத்துக்கு அடியில் சுரங்கம் போட்டு விட்டார்கள். காரும் டிராமும் கீழே, ஊர் மேலே. ஊர் இன்னும் பாதி இடிபாடாகக் கிடந்த காலத்தில், பழைய வீடுகளை எழுப்பும்போதே இந்தச் சுரங்கத்தையும் சேர்த்தே வரைந்திருக்கிறார்கள்.

"எல்பக்குக் கீழ தோண்டச் சொன்னாங்களே, அதுதான் இது" என்றேன்.

"ஆத்துக்குக் கீழ தோண்டுறதும் ரோட்டுக்குக் கீழ தோண்டுறதும் ஒண்ணா?" என்று ஆரம்பித்தார் மச்சான். நீர்மட்டம், மண் வகை, செலவு என்று எஸ்கலேட்டர் கீழே போய்ச் சேரும்வரை விளக்கினார். கீழே சுரங்க வாயிலிலிருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு டிராம் வந்தது. பேச்சை நிறுத்தாமலே ஏறினார்.